கோவிந்தன் மாமாவின் தோளில் இருந்த கை

கோவிந்தன் மாமா இறந்துபோன செய்தியைப் பள்ளிக்கூட வாசலில் கச்சாங் பூத்தே கடலை விற்கிறவர்தான் எனக்குச் சொன்னார். தலையிலிருந்த தட்டை இறக்கி வைத்துவிட்டு, "பாப்பா, உங்க போர்மன் போயிட்டாரும்மா. காலையில பசியாறிட்டு உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். என்னோடு நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. 'அப்படியென்றால் என் அண்ணன் மணியத்துக்காக இனி யார் பேசுவார்கள்?' என்றுதான் முதலில் தோன்றியது. அந்தக் கேள்வி இன்றுவரை போகவில்லை.

மலாக்காவில், நம் காஜா பெராங்கில் அவரை அறியாதவர்கள் இல்லை. அதனால் இதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நாளை பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவர் போர்மனாக இருந்த வண்டிப் பட்டறை வாசலில் படிப்பதற்கு ஒரு அஞ்சலி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். "நீதானே எந்நேரமும் அவர் வண்டியில போவ, நீயே எழுது" என்றார்கள். ஒன்று எழுதி அப்பாவிடம் காட்டினேன். அதில் ஆலமரம் சாய்ந்தது, விளக்கு அணைந்தது என்றெல்லாம் இருக்கிறது. அப்பா படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது அந்த அஞ்சலி இல்லை. இதை அப்பா தூங்கிய பிறகு, விளக்குத் திரியைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவர் புரண்டு படுத்தால் நிறுத்திவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமா எங்கள் அடுத்த வீட்டுக்காரர். அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது. அண்ணன் அப்போதுதான் லோரி கழுவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மாமா வீட்டு அத்தைதான் எங்களுக்குச் சோறு போட்டார். அண்ணனுக்கு ஸ்டீரிங் பிடிக்கக் கொடுத்ததும் மாமாதான். பட்டறையில் இழுவை லோரி ஒன்று இருந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துவிட்ட பழைய லோரி. வழியில் நின்றுபோன வண்டிகளை இழுத்துவர அதைத்தான் அனுப்புவார்கள். அண்ணன் அதற்கு டிரைவரானபோது மாமா பட்டறையில் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார். "டேய் மணியம், இந்த லோரிக்கு வயசு உன்னைவிடக் கம்மி. ஆனா கோபம் ஜாஸ்தி. அதட்டாம ஓட்டு" என்றார். இதையெல்லாம் நான் மறைக்கப் போவதில்லை. நல்லவராக இருந்ததால்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

மாமாவைப் பற்றி நீங்கள் எல்லோரும் சொல்வது, பின் ஆக்சிலில் சத்தம் என்றால் அவரைப்போல் கண்டுபிடிக்க மலாக்காவில் ஆளில்லை என்பது. அது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். சத்தம் என்று வந்த வண்டியை அவர் காலையில் எடுத்துவருவார். "பள்ளிக்கூடத்துல விட்டுடறேன், ஏறு பாப்பா" என்பார். நேராகப் பள்ளிக்கூடம் போகமாட்டார். கிளேபாங் கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு, மணி அடிக்கும் முன்பு கொண்டுவந்து விடுவார். நான் பின்னால், ஆக்சிலுக்கு நேர் மேலே உட்காரவேண்டும். சத்தம் வந்தால் அவர் தோளில் கையை வைக்கவேண்டும். நின்றால் எடுக்கவேண்டும். வாயைத் திறக்கக்கூடாது. அவ்வளவுதான் என் வேலை.

அவர் அழுத்தி மிதிப்பார், பிறகு காலை எடுப்பார், வளைவில் இடமும் வலமும் ஒடிப்பார். மிதிக்கும்போது மட்டும் என் கை தோளில் இருந்தால் பல்சக்கரத்தில் கோளாறு. மிதியை விட்டதும் கை வந்தால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறது. வளைவில் மட்டும் என்றால் சக்கரத்துப் பேரிங். கை எடுக்காமலே இருந்தால் தார் சாலையை விட்டு மண்ணில் இறக்கிப் பார்ப்பார். அப்போது சத்தம் மாறினால் ஆக்சில் இல்லை, வெறும் டயர். இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் மற்றவர்களிடம் சொல்வதைக் கேட்டு நானாகத் தெரிந்துகொண்டேன்.

கம்பத்துச் செட்டிகளில் ஒருவர், மலாய் பேசும் பாபா, தம் காரைக் கொண்டுவந்தார். மூன்று பட்டறைகளில் கியர் பெட்டியைக் கழற்றி மாட்டியும் முனகல் போகவில்லையாம். மாமாவும் நானும் ஒரு சுற்று போய்வந்தோம். மாமா இறங்கி, "பினியன் பேரிங் பாபா, கியர் பெட்டியை யாரும் தொட வேணாம்" என்று மலாயில் சொன்னார். பாபா என்னைப் பார்த்துச் சிரித்து, ஜாலான்-ஜாலான் பிரியமுள்ள பிள்ளைபோல என்றார். சுற்றப் பிரியம் என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு எனக்கு ஒரு ரொட்டி வாங்கிக் கொடுத்து, "பாப்பா, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றார். எது என்று நான் கேட்கவில்லை. அவருக்குப் பின்னாலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டார் என்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும். உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அத்தைகூட அதை அலட்சியம் என்றுதான் நினைத்திருந்தார்.

மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள், வந்தது. காஜா பெராங் சார்பில் ஊர்வலத்தில் ஒரு ரதம் போகவேண்டும் என்று ஊர்க் குழு முடிவுசெய்தது. டிரெய்லரின்மேல் மரத்தால் கோபுரம் கட்டி, பிள்ளைகளுக்கு வேடம் போட்டு நிறுத்தி, இழுவை லோரியால் இழுப்பது என்று திட்டம். அண்ணன்தான் ஓட்டவேண்டும். அண்ணனுக்குப் புதுச் சட்டை தைத்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்பு பட்டறையில் நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"மாமா, ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு ஊர்ந்தே போயிடறேன்" என்றார் அண்ணன்.

"நீ ஊருவ. கிளட்ச் ஊருமா? முன்னால பால் குடிக்கிற வயசுப் பிள்ளைங்க கொடி பிடிச்சு நடக்குதுங்க. அதுங்க பின்னால போகணும். இந்த லோரிக்கு ஃபர்ஸ்ட் கியரே அதுங்களைவிட வேகம். பாதிக் கிளட்ச்சுல மிதிச்சிக்கிட்டே போனா ஆத்துப் பாலம் வர்றதுக்குள்ள புகைஞ்சிடும்டா."

பின் சக்கரம் இரண்டையும் தூக்கி நிறுத்தி, சக்கரத்திலும், எஞ்சினிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் நடுத்தண்டிலும் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். சக்கரங்களைச் சேர்த்து ஒரு சுற்று சுற்றினால் நடுத்தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று என்னை எண்ணச் சொன்னார். ஐந்தும் கொஞ்சமும்.

"பாத்தியா, யாரோ வேகமா ஓடணும்னு பல்லு மாத்தி வெச்சிருக்கான். பாரம் இழுக்கணும்னா ஆறரைச் சுத்தாவது வேணும். வேகம் குறையும், குறையட்டும். ரதம் என்ன ரேஸுக்கா போவுது?"

"ஏழு போட்டுடலாமே மாமா, இன்னும் நல்லா இழுக்குமில்ல?"

"ஏழு போடு. அப்புறம் ஜோகூர்ல ஒரு வண்டி நின்னுபோச்சுன்னா, நீ போய்ச் சேர்றதுக்குள்ள அவன் கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெத்துடுவான். ஆறரை போதும்."

பட்டறையே சிரித்தது. அவர் தேர்ந்தெடுத்தது தப்பில்லை. அந்தப் பாரத்துக்கு ஆறரை சரிதான் என்று இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். தப்பு வேறு இடத்தில் நடந்தது.

பின் ஆக்சிலுக்குள் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கின்றன. நடுத்தண்டோடு சுற்றும் சின்னது பினியன். அது திருப்புகிற பெரிய வளையம் கிரவுன். தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடொன்று உரசவிட்டுப் பழக்கி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவார்கள். ஒரு ஜோடியின் பினியனை இன்னொரு ஜோடியின் கிரவுனோடு சேர்க்கக்கூடாது. மாமாவே பழைய இரும்பு விற்கும் சீன முதலாளி, தவுக்கேயிடம் சண்டை போட்டிருக்கிறார். "தவுக்கே, இதுங்க புருஷன் பெண்டாட்டி. பல்லு எண்ணிக்கை ஒண்ணா இருக்குன்னு இவனை அவ வீட்டுல கொண்டுபோய் விடுவியா? முதல்ல முனகும், அப்புறம் கடிச்சுக்கும்" என்றார். தவுக்கே விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மாமாதான் கிடங்கிலிருந்த இரண்டு பழைய ஆக்சில்களைத் திறந்தார். இரண்டும் ஆறரைச் சுற்றுக்கானவைதான். ஒன்றில் பினியன் மழுங்கியிருந்தது. மற்றதில் கிரவுன் விரிசல் விட்டிருந்தது. ஊர்வலத்துக்கு நாளில்லை. அண்ணனை எண்ணெய் வாங்கிவர அனுப்பிவிட்டு, அவரே உள்ளே வைத்து மூடினார். என்ன செய்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் லோரியில் என்னை ஏற்றிக்கொண்டு கிளேபாங் சாலைக்குப் போனார். நான் பின் தட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னறையின் பின்பக்கச் சன்னல் வழியே கையை நீட்டினால் அவர் தோள் எட்டும். அவர் மிதித்ததும் சத்தம் கிளம்பியது. கொதிக்கும் கேத்தல் அழுவதுபோல் ஒரு ஊளை. தோளில் கை வைத்தேன். மிதித்துக்கொண்டே போனார். நான் கையை எடுக்கவில்லை. அழுத்தினேன். காலை எடுத்தார், சத்தம் நின்றது, எடுத்தேன். மறுபடி மிதித்தார், மறுபடி வைத்தேன். கடைசியில் அவர் இடது கையை உயர்த்தி, ஈயை ஓட்டுவதுபோல், என் கையைத் தட்டிவிட்டார்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது, "மாமா, சத்தம்..." என்றேன்.

"புதுப் பல்லு அப்படித்தான். போகப் போகச் சரியாயிடும். அண்ணன்கிட்ட உளறி வைக்காதே. பயந்துட்டே ஓட்டுவான்" என்றார்.

நான் அவரை நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம் இருந்தது?

ஊர்வலத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் ரதம் பாதி ஏறியிருக்கும்போது லோரிக்கு அடியில் வெடிபோல் ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் உறுமியது, லோரி நகரவில்லை. அண்ணன் பிரேக்கை மிதித்தார். டிரெய்லரின் பாரம் லோரியையே பின்னுக்கு இழுத்தது. டிரெய்லர் குறுக்கே மடங்கிப் பாலத்துச் சுவரில் மோதியது. கோபுரம் சரிந்தது. குழுத் தலைவரின் மகன் வேடத்தோடு கீழே விழுந்து கை முறிந்தான். பின்னால் நடந்தவர்கள்மேல் ஏறாமல் டிரெய்லரைச் சுவர்ப் பக்கம் திருப்பியது என் அண்ணன். அதை ஒருவரும் இதுவரை பேசவில்லை.

மறுநாள் மாலை பட்டறையில் எல்லோரும் கூடினீர்கள். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். குழுத் தலைவர் கேட்டார்: "போர்மன், நீங்க சொல்றதுதான் முடிவு. வண்டியா, டிரைவரா?"

"வண்டி சுத்தம். நானே ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தம் கிடையாது. மேட்டுல கிளட்ச்சை உதறினா எந்தப் பல்லும் தாங்காது."

"நான் உதறலை மாமா" என்றார் அண்ணன். அவருடைய புதுச் சட்டையில் எண்ணெய் ஊறியிருந்தது.

மாமா அவரைப் பார்த்து மெதுவாக, அன்பாகச் சொன்னார்: "உனக்கே தெரியாம கால் எழும்பியிருக்கும்டா தம்பி."

அப்போது நான் அவர் தோளில் கையை வைத்தேன். சத்தம் கேட்டது, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் திரும்பவில்லை. கீழே இருந்த கோப்பிக் கோப்பையை எடுக்கக் குனிந்தார். என் கை நழுவிவிட்டது.

அடுத்த வாரம் அவர் வீட்டில், அத்தை கோவிலுக்குப் போயிருந்தபோது, நேராக அவர் முகத்துக்கு முன்னால் நின்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "ஜோடி மாத்திட்டேன் பாப்பா. பல்லு பொருந்திச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. சத்தம் எனக்குத்தான் கேக்கலை. உனக்குக் கேட்டுச்சு" என்றார். பிறகு அழுதார். காது போய்விட்டது என்று தெரிந்தால் முதலாளி ஒரே நாளில் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்றார். "தீபாவளி கழியட்டும். நானே எல்லாரையும் கூட்டி வெச்சுச் சொல்றேன்" என்று என் தலையில் கையை வைத்தார். உடைந்த பினியனைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து, "இது உன்கிட்டயே இருக்கட்டும். நான் சொல்ற அன்னிக்கு எடுத்துட்டு வா. அதுவரைக்கும் வாய் திறக்காதே" என்றார். நான் சரி என்றேன். கிரவுன் பட்டறையிலேயே கிடந்தது. இரண்டும் பக்கத்தில் இல்லாதவரை யாருக்கும் எதுவும் தெரியாது என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

தீபாவளி போனது. பொங்கல் என்றார். பொங்கல் போனது. தைப்பூசம் என்றார். அதுவும் போனது. நான் வேலிப்பக்கம் நின்றால் அவர் கொல்லைப்பக்கமாகப் போய்விடுவார். காலையில் வண்டியில் ஏறச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

அண்ணனுக்கு மலாக்காவில் யாரும் லோரி கொடுக்கவில்லை. இப்போது குருபோங்கில் மரம் அறுக்கும் இடத்தில் பலகை தூக்குகிறார். தெருவில் போனால் சின்னப் பையன்கள், "டேய், கிளட்ச்சு வராருடா, ஒதுங்கு!" என்று கத்துகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும். என் காலு நழுவித்தான் இருக்கும்போல. இனிமே எனக்கு ஸ்டீரிங்கே வேணாம்" என்றார். தம் காலையே நம்பாதவராக என் அண்ணனை ஆக்கிவிட்டார்கள். அவரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தைப்பூசம் கழியட்டும் என்று மாமா சொல்லியிருந்த நேரம் அது.

இறந்த அன்று மாமாவைத் தூக்க நான்கு பேர் வந்தபோது, முன்னால் வலது பக்கம் தோள் கொடுத்தது அண்ணன். சுடுகாடு வரை மாற்றிக்கொள்ளவே இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து, "எனக்குத் தொழில் கொடுத்தவரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அன்று இரவே அப்பாவிடம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டார். "அவங்க வீட்டுச் சோத்துல வளர்ந்தவ நீ. செத்தவரைப் பத்தி ஒரு வார்த்தை வெளிய போச்சு, இந்த வீட்டுல உனக்கு இடமில்லை" என்றார். அப்பா கை ஓங்கியதில்லை. அன்று ஓங்கினார்.

பட்டறையில் மாமாவின் படத்தை மாட்டி, கீழே விளக்கு வைத்திருக்கிறார்கள். காற்றில் விளக்கு சாயாமல் இருக்க, கிடந்த ஒரு இரும்பு வளையத்தைத் துடைத்து, அதன் நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். கும்பிடப் போனபோது பார்த்தேன். அது அந்தக் கிரவுன்தான். அது என்னவென்று தெரியாமலே வைத்திருக்கிறார்கள். விளிம்பில் பொறித்த எண் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. 218. என்னிடம் இருக்கும் பினியனில் பொறித்திருப்பது 164.

அத்தை, உங்கள் கையால் சாப்பிட்டவள்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு இது எப்படி இருக்கும் என்று நினைத்தால் பேனா நகரமாட்டேன் என்கிறது. ஆனால் மாமா என்னிடம் மூன்று முறை நாள் சொன்னார். நான் ஒருமுறைதான் வாக்குக் கொடுத்தேன், அதைக் காப்பாற்றினேன். அவர் இருந்தவரை காப்பாற்றினேன். அவருக்குக் காது கேட்காததில் எனக்குக் கோபமில்லை. என் காது கேட்டதை, கேட்கவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாரே, அதுதான்.

நாளை அப்பா பார்த்த தாள் மேலே இருக்கும். இது அடியில் இருக்கும். இதைத்தான் படிப்பேன். நடுவில் யாராவது நிறுத்தச் சொல்லலாம். அதனால் படிப்பதற்கு முன்பே பினியனை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். என்னை நம்பவேண்டாம். குனிந்து அந்த இரண்டு எண்களையும் பாருங்கள். பல்சக்கரம் தெரிந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். பார்த்துவிட்டு, கூட்டத்தின் கடைசியில் நிற்கும் மணியம் அண்ணனிடம் யாராவது ஒருவர் போய், உன் கால் நழுவவில்லை என்று சொல்லுங்கள். நான் சொன்னால் தங்கச்சி என்பதால் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

பினியனை நாளை கொடுத்துவிடுவேன். அதன்பிறகு மாமாவிடமிருந்து எனக்கு மிஞ்சுவது இந்தக் கை ஒன்றுதான். சத்தம் வந்தால் தோளில் வை, நின்றால் எடு என்று சொன்னது அவர்தான். இரண்டு முறை அவரே அதை விலக்கினார்.

சத்தம் இன்னும் நிற்கவில்லை, மாமா.